பிரேக் லைட்டில் சந்தனம்

நவம்பர் 8, சனி

விடியும்போதே மழை. ஆறரைக்கும் தெரு இருட்டாகத்தான் இருந்தது. ஏழு மணிக்குக் கோடம்பாக்கம் டிரைவிங் ஸ்கூலில் முதல் வகுப்பு. நனைய வேண்டாமென்று பைக்கை விட்டுவிட்டு நம்ம பழைய காரை எடுத்தேன்.

நாலாவது முனை, டீக்கடை எதிரில் ஒரு நாய் குறுக்கே. பிரேக். பின்னால் டொம் என்று சத்தம். மொபெட்டில் ஒரு மீன்காரம்மா. ஐஸ் பெட்டி சாய்ந்து சங்கரா மீனெல்லாம் ரோட்டுத் தண்ணீரில். என் பம்பரில் சின்ன நெளிசல், அவ்வளவுதான்.

எழுந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பிரேக் லைட்டே எரியல சார். எனக்கு எப்டித் தெரியும்?"

நான் சொன்னது: "இருபத்திரண்டு வருஷமா டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவன்மா நான். எனக்கே பாடம் எடுக்கிறியா? கண்ணை எங்க வச்சுக்கிட்டு வர்ற?"

டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகம், எல்லாரும் என் பக்கம். "சார்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போம்மா." நானும் விடவில்லை. கேட்கிற வரை நின்றேன். "தப்புதான் சார், மன்ச்சிக்க" என்றாள்.

வகுப்புக்குப் பத்து நிமிஷம் லேட். வாங்க வேண்டியது: பிளேடு, கொசுவர்த்தி.

நவம்பர் 9, ஞாயிறு

மழை இல்லை. நெளிசலை மல்லிகா பார்த்துவிட்டாள். யாரோ இடித்துவிட்டார்கள் என்றேன். பெண்டாட்டியிடம் சொன்னது பாதி உண்மை.

"லைட்டுக்கு ஏதாவது ஆகியிருக்கப் போவுது. உக்காந்து மிதிங்க, நான் பாக்கறேன்." பின்னால் போய் நின்றாள். பிரேக் லைட்டை ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாது. ஒருவர் மிதிக்கணும், ஒருவர் நிற்கணும். எங்கள் வீட்டில் அப்படி நின்று பார்த்து எத்தனை வருஷம் ஆச்சோ.

"மிதிங்க."

"மிதிச்சுட்டேன்."

"எங்க? மிதிங்கன்னா."

"மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

பின்னால் அவள் குனிவது கண்ணாடியில் தெரிந்தது. "ஒண்ணும் தெரியலைங்க."

அவளை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் போய்க் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் பல்ப் போய்விட்டது. வலது பக்கம் எரிகிறது, ஆனால் வெளியே வரவில்லை. வெயிலில் கிடந்து கிடந்து மேல் கண்ணாடி வெளுத்து, மோர் குடித்துக் கழுவாத டம்ளர் மாதிரி. நட்டநடுவில் சந்தனம். வெள்ளிக்கிழமை தவறாமல் முன்னும் பின்னும் எல்லா லைட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது நான்தான். பழையதைத் துடைக்க மனசு வராது, அது மேலேயே வைப்பேன். மழையில் மேல்பூச்சு கரைந்திருந்தது. அடியில் பழைய சந்தனம், பெருவிரல் அகலத்துக்குக் கல்லாக. வண்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வைத்தது.

அவள் சொன்னதுதான் நிஜம்.

"யாரு வந்து இடிச்சது?" மல்லிகா மறுபடியும். தெரியலை என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

புது மாணவி, அவளுக்கு இரண்டாவது வகுப்பு. மேற்கு மாம்பலம், பேங்கில் வேலை, பயந்த சுபாவம். வகுப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "சார், நீங்க பிரேக் மிதிங்க, நான் பின்னாடி நிக்கறேன். நம்ம பிரேக் லைட் நமக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். மிதித்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

மதியம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர்: "இந்த மாடலுக்கு லைட் வர்றது நின்னு போச்சு சார். கழட்டி வீட்லயே தேச்சுடுங்க."

வாங்கியது: பல்ப் 2. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், 800, 1500, 2000 நம்பர். ரப்பிங் காம்பவுண்ட். கிளியர் ஸ்ப்ரே. கொசுவர்த்தி மறந்தாச்சு.

நவம்பர் 11, செவ்வாய்

லீவு. டிக்கி உள்பக்கமாக நட்டைக் கழற்றி இரண்டு லைட்டையும் எடுத்தேன். சந்தனம் வெந்நீருக்கும் அசையவில்லை. கடைசியில் பழைய டூத் பிரஷ்.

800இல் ஆரம்பம். தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்கணும். பக்கெட்டில் ரோஸ் கலர் தண்ணீர். முதலில் இன்னும் மங்கித்தான் போகும், பயந்து நிறுத்தக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். 1500. 2000. காம்பவுண்ட், பழைய பனியன் துணி. விரல் நுனியில் தோல் போச்சு. சிவப்பு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

பிறகு தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சாட்சி இந்த லைட். அதைத்தான் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் தேய்க்காமல் வண்டியை வெளியே எடுக்கவும் முடியாது.

மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு கேட்க வைத்ததையும்.

"கை வீங்கியிருந்துச்சா?"

"பார்க்கலை."

"அதையாவது பாத்திருக்கலாம்."

சாப்பாடு வைத்தாள்.

நவம்பர் 13, வியாழன்

நல்ல வெயில். இரண்டுக்கும் கிளியர் ஸ்ப்ரே, காயவிட்டு இரண்டாம் கோட். சாயங்காலம் புது பல்ப் போட்டு மாட்டியாச்சு. மல்லிகா வந்து நின்றாள். "எரியுது." உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

பொட்டு வைக்கவில்லை. கை சந்தனக் கிண்ணம் வரை போய்த் திரும்பியது.

சாயங்காலம் பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட். அந்த ஐஸ் பெட்டியில் 'செல்வராணி, ப.பாக்கம்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது நினைவில் இருந்தது. மூன்றாவதாகக் கேட்ட ஆள் கையைக் காட்டினார். மீன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. மீனைப் பக்கத்துப் பெண் அரிந்து கொடுக்கிறாள்.

"இன்னா சார், வண்டி நெளிஞ்சதுக்கு வந்துக்கிறியா?"

இல்லம்மா, என் லைட்தான் எரியலை, நீ சொன்னது சரி, மன்னிச்சுக்கம்மா என்றேன். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போச்சு.

அவள் ஐஸை அள்ளி மீன் மேல் போட்டாள். "நான் இங்கியா சார் மன்னிப்பு கேட்டேன்? அந்த டீக்கடையாண்ட கேட்டேன். அத்தினி பேரு பாத்தாங்கோ. டெய்லி அவனுங்க மூஞ்சில முழிச்சிக்கினுதான் போறேன். சார இட்ச்சவ வர்றா, ஒதுங்குன்னு சிரிக்கிறானுங்க. அங்க வந்து சொல்லு."

நாளைக்குக் காலையில் வர்றேன் என்றேன். அந்தக் கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். ஆறரைக்கே காரை டீக்கடை எதிரில் நிறுத்திவிட்டேன். அதே ஆட்கள். கடைக்காரர், இரண்டு ஆட்டோக்காரர்கள், பேப்பர் படிக்கிற பெரியவர். செல்வராணி வந்தாள். மொபெட்டை விட்டு இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றி நின்றாள்.

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "போன சனிக்கிழமை தப்பு என்னோடது. என் பிரேக் லைட் எரியலை. இவங்க சரியாத்தான் வந்தாங்க. நான்தான் இவங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். மன்னிச்சுக்குங்கம்மா."

கடைக்காரர் சிரித்தார். "விடுங்க சார். பாவப்பட்டு சொல்றீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

ஆட்டோக்காரர்: "நாங்கதான் பாத்தோமே சார். அந்தம்மா மேலதான் மிஸ்டேக்கு."

"இல்லைங்க, நிஜமாவே எரியலை." காரைக் காட்டினேன். பேப்பர் படிக்கிற பெரியவர் எழுந்து வந்து பின்னால் குனிந்து பார்த்தார். இரண்டு லைட்டும் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி பளபளவென்று.

"இதுவா சார் எரியலை?"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் தேய்த்து பல்ப் மாற்றினேன் என்றது யார் காதிலும் விழவில்லை. ஒருவர் அவளைப் பார்த்து, "பாத்துக்கம்மா, சாரு எவ்ளோ பெரிய மனுசன்" என்றார்.

அவள் லைட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் சொன்னப்பவும் நம்பல. நீ சொன்னாலும் நம்ப மாட்டன்றானுங்க." கட்டுப் போட்ட கையாலேயே ஹாண்டிலைப் பிடித்துக் கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் டீயை என் கையில் கொடுத்தார். சர்க்கரை கம்மி, எனக்குப் பிடித்த மாதிரி. குடித்தேன்.