மூன்று பேருக்கு ஒரே வசனம்

இன்று டூங்கபி வீட்டில் என் விசாக் கோப்பைத் திறந்ததும் கராம்புத் தைலம் மணத்தது. எழுதி எழுதி வலித்த உமது மணிக்கட்டில் நீர் பூசிக்கொண்ட தைலம் தாள்களிலும் ஊறியிருக்கிறது. நீர் போய் ஆறு மாதம் ஆகிறது.

முன்பு மெரிலேண்ட்ஸில் நீரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். பகலெல்லாம் கார் கழுவிவிட்டு வந்து, படகில் வந்த எங்களுக்கெல்லாம் அகதி வாக்குமூலம் எழுதித் தந்தீர். ஊரில் பத்திரிகையில் பிழை திருத்தியவர், சும்மா எழுத உமக்கு மனம் வராது. "உரை எழுதின பழைய ஆக்கள் வசனத்துக்கும் ஓசை பாத்தவங்கள். செய்யுளுக்கு மட்டும்தான் அழகெண்டு ஆர் சொன்னது?" என்பீர். மிகையாகச் சொல்வது குற்றம் என்றதும் அதே பழையவர்கள்தானே என்று கேட்டால், "நீர் பேசாம இரும்" என்று வாயை அடைத்துவிடுவீர்.

ஊரில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோனதைப் பற்றி நான் சொன்னது இவ்வளவுதான்: "விடிய வந்து கூட்டிக்கொண்டு போட்டாங்கள்." நீர் எழுதினீர்: "நாய்களும் குரைக்க மறந்த அந்த விடியலில் எங்கள் வாசல் ஊமையாயிற்று." வாசித்து அழுதேன். அது பொய்யில்லை, ஆனால் என் பேச்சும் இல்லை.

நேர்காணலில் அதிகாரி அந்த வரியின் கீழ் கோடு போட்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர், இந்தியத் தமிழர், கேட்டார்: "இதே வாக்கியம் இன்னும் ரெண்டு பேரோட வாக்குமூலத்துலயும் இருக்காம். இது யாருக்கு நடந்துச்சுன்னு கேக்கிறார்."

"என்ர தம்பிக்குத்தான்" என்றேன். உமக்குப் பிடித்துப்போன வரியை மூன்று பேருக்கும் வைத்திருக்கிறீர் என்று அங்கேதான் தெரிந்தது. விளக்கம் கொடுக்க இரண்டு கிழமை தவணை தந்தார்கள்.

வந்து உம்மைக் கண்டபடி திட்டினேன். "உம்மட ஓசைக்கு என்ர தம்பிதான் கிடைச்சவனோ?" நீர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், நானே கடிதம் கொடுக்கிறேன் என்றீர். உமது விண்ணப்பத்துக்கே இன்னும் முடிவு வரவில்லை. உம்மட பைலையும் கிளறுவாங்கள், பேசாம இரும் என்று எல்லோரும் தடுத்தார்கள்.

"கிளறட்டும்" என்றீர்.

எழுதியது மூன்றே வரி. "மூவருக்கும் வாக்குமூலம் எழுதியவன் நான். அந்த வாக்கியம் என்னுடையது. நடந்தவை அவர்களுடையவை." ஒரு சொல்லைக் கூட்டவோ எடுக்கவோ இடமில்லை. பழையவர்கள் வசனத்தில் தேடிய அழகு இதுதான் என்று நினைத்தேன். வீம்பு, உம்மிடம் சொல்லவில்லை.

என்னை மறுபடி கூப்பிட்டார்கள். என் வாயாலேயே சொன்னேன். விசா கிடைத்தது. உம்மையும் அந்தக் கடிதத்தைப் பற்றி விசாரித்தார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்படியிருக்க, ஒரு மத்தியானம் கார் கழுவும் இடத்திலேயே உமது நெஞ்சு நின்றுபோயிற்று. அந்த மூன்று வரியால்தான் உமது முடிவு தள்ளிப்போனதா என்று எனக்குத் தெரியாது.

போன கிழமை மன்னாரிலிருந்து உமது மனைவி போனில் கேட்டார்: "அவர் அங்க எப்பிடி இருந்தவர் எண்டு ஒருக்கா எழுதி அனுப்புங்கோ தம்பி." அதற்காகத்தான் இந்த விசாக் கோப்பை எடுத்தேன். நாலு பக்கம் எழுதினேன், அழகாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.

அனுப்பியது இதுதான்: "அக்கா, அவர் என்னைக் காப்பாற்றினார். அதற்கு முதல்நாள் நான் அவரைத் திட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை."