நாற்பத்தொரு சரியான விடைகள்

அக்டோபர் 14, செவ்வாய், மாலை 4.10

பெற்றோர் அவர்களுக்கு,

வணக்கம். என் மேஜையில் இப்போது 42 பிராக்டிகல் நோட்டுகள் இருக்கின்றன. 41 சரி. ஒன்று தப்பு. அந்த ஒன்று உங்கள் மகளுடையது.

பரிசோதனை ரொம்பச் சின்னது. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பார்த்தால், பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது கணக்கில் வந்துவிடும். விடை 9.8. புத்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் மகள் நூல் நூறு சென்டிமீட்டரில் 10.2, எண்பதில் 10.3, அறுபதில் 10.5 என்று எழுதியிருக்கிறாள். கேட்டால், "நூல் குட்டையானா பூமி அதிகமா இழுக்குமா சார்?" என்று எழுந்து நின்று என்னையே கேட்கிறாள். வகுப்பே சிரித்தது. மறுபடி செய் என்றேன். மூன்று நாள் மதிய இடைவேளையில் செய்துவிட்டு அதே எண்களோடு வந்து நிற்கிறாள். பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

பிடிவாதம் அறிவியல் ஆகாது. வீட்டில் எடுத்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர், பதினோராம் வகுப்பு

---

அக்டோபர் 16, வியாழன்

சார் அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் நலம் விசாரிக்க இடம் பத்தாமல் போயிருக்கும், நான் விசாரித்துவிடுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்து கடிதத்தைப் படித்ததும் எனக்கும் கோபம்தான், அவள் மேல். "எல்லாரும் எழுதுறதை எழுதித் தொலைய வேண்டியதுதானேடி? உனக்குன்னு தனியா ஒரு பூமியா?" என்றேன்.

"காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்காமலே சார்ட்ல நீ எழுதுவியாம்மா?"

சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். சாப்பிடவில்லை.

மார்க் போனால் போகட்டும் சார். அவள் எழுதிய 10.5-ஐ வைத்து, வகுப்பில் நீங்கள் "உட்காரு, பத்தரை" என்றீர்களாம். இப்போது படிக்கட்டில், பஸ் ஸ்டாப்பில், எல்லா இடத்திலும் அவள் பேர் அதுதான். மழை பெய்தால் மாடியில் பாத்திரம் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று காலண்டரில் குறித்து வைக்கிற பெண். "கேள்வி கேட்டா சிரிக்கிற பாடம் எனக்கு வேணாம்மா" என்று, வணிகப் பிரிவுக்கு மாற விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள். என் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். நீங்களும் போட்டுக் கொடுத்தால் திங்கட்கிழமை ஆபீசில் கொடுத்துவிடுவாள்.

உங்களுக்கு என் தம்பி வயசுதான் இருக்கும் என்றாள். அதனால் ரொம்பக் கோபித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

இப்படிக்கு,
பத்தரையின் அம்மா

---

அக்டோபர் 18, சனி, காலை 9.40

அம்மா,

வணக்கம். நலமா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். காய்ச்சலைப் பற்றி அவள் கேட்டது விடவில்லை. இன்று விடுமுறை, ஏழு மணிக்கு வாட்ச்மேனை எழுப்பி லேபைத் திறக்கச் சொன்னேன். "லீவு நாள்லகூட நிம்மதியா விடமாட்டீங்களா சார்?" என்றார். தனியாக நின்று குண்டை ஆடவிட்டேன். நூறில் 10.2. எண்பதில் 10.3. அறுபதில் 10.5.

மூன்று தடவை செய்தேன். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு நிமிடம், எனக்குத் தெரிந்த இயற்பியல் எதுவுமே எனக்குத் துணைக்கு வரவில்லை.

பிறகுதான் அவள் நோட்டைத் திறந்தேன். பூமி மாறாது. அப்படியானால் நூலின் நீளம்தான் பொய். அவளுடைய எண்களை வைத்தே திருப்பிக் கணக்குப் போட்டேன். நூறு என்பது உண்மையில் தொண்ணூற்றாறு. எண்பது, எழுபத்தாறு. அறுபது, ஐம்பத்தாறு. மூன்றிலும் நாலு குறைகிறது. எழுந்து போய், நூலின் நீளம் பார்க்கச் சுவரில் பதித்திருக்கும் ஸ்கேலைப் பார்த்தேன். நூல் தொங்கும் கொக்கி, ஸ்கேலின் மேல்முனையில் பூஜ்யத்துக்கு நேராக இருக்க வேண்டியது, அதற்குக் கீழே இருந்தது. அளந்தேன். நாலு சென்டிமீட்டர், மயிரிழை பிசகாமல்.

யோசித்துப் பாருங்கள் அம்மா. பதினாறு வயசுப் பெண், ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமலே சுவரில் இருந்த தப்பை அளந்து எழுதி வைத்திருக்கிறாள். அதன் மேல் நான் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அந்தக் கொக்கியை மாட்டியது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பழையது ஆடுகிறது என்று, யாரையும் கேட்காமல்.

அதில் யார் ஆடவிட்டாலும் 9.8 வராது. நாற்பத்தொரு பேருக்கு வந்திருக்கிறது. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக வினாடிகளை எழுதியிருக்கிறார்கள். நானும் கல்லூரியில் அப்படித்தான் எழுதினேன், பட்டமும் கொடுத்தார்கள். அவள் ஒருத்திதான் பூமியைப் போய்க் கேட்டிருக்கிறாள். இத்தனை பெரிய பூமி, ஒரு துண்டு நூல் வழியாக, ஒவ்வொரு தடவையும் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறது. நான் பாடம் நடத்துகிறேன், ஆனால் அது பேசி நான் கேட்டது இன்றுதான்.

வாட்ச்மேன் இதை உங்கள் வார்டிலேயே கொண்டுவந்து தருவார்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்

பி.கு.: இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை முதல் பீரியடில், எல்லார் முன்னாலும், அவள் எண்கள் சரி, தப்பு என்னுடையது என்று சொல்வேன். பேர் வைத்ததற்கு மன்னிப்பும் கேட்பேன்.

2. மற்ற 41 நோட்டிலும் மார்க்கை அடிப்பேன். எல்லாரும் மறுபடி செய்ய வேண்டும். கத்துவார்கள். கத்தட்டும்.

3. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவளைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆபீஸ் மாலை வரை திறந்திருக்கும். முதல் பீரியட் முடிந்த பிறகு கொடுப்பதோ கிழிப்பதோ அவள் இஷ்டம்.

4. கொக்கியைத் தொடமாட்டேன். தப்பு எங்கே இருக்கிறது என்று வகுப்பில் சொல்லவும் மாட்டேன். கண்டுபிடிக்கிற சந்தோஷம் அவளுக்குச் சேர வேண்டியது. அதனால், தயவுசெய்து, இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிடாதீர்கள்.