டிக்கியில் சிலிண்டர்

ஆம்பூர்
31.8.2025

அன்புத் தங்கை கிரேஸிக்கு,

அண்ணன் ஆபேல் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், வண்டியைத் தவிர. போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துகிறேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். ஈஸ்டர் அன்று அம்மா யார் வீட்டோடு இருப்பது என்று சண்டை போட்டோமே, அன்றிலிருந்து இதே கதை. அதனால் எழுதி டேஷ்போர்டில் வைக்கிறேன். காகிதத்தில் கத்த முடியாது பார்.

நாளை அம்மாவைக் காரோடு காட்பாடிக்குக் கொண்டுவந்து விடுவேன். இரண்டு மாதம் உனக்கு, இரண்டு மாதம் எனக்கு. அம்மா எந்த வீட்டில் இருக்கிறாளோ கார் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா சாகும்போது சொன்னார். நல்ல ஏற்பாடுதான். பெட்ரோல் யார் போடுவது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

கம்பெனியில் என்னை மேல்விஷாரம் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் திரும்பினால் வீடு சேர எட்டரை. உன் அண்ணி ஜெனிஃபா எத்தனை தடவை ஊட்டப் போனாலும் நான் வராமல் அம்மா வாயைத் திறக்கமாட்டாள். அதனால் அவள் இங்கே இருக்கும் மாதங்களில் காரில் போகிறேன். இப்போது பெட்ரோலில் எத்தனாலைக் கலந்து கொடுக்கிறான். நம் வண்டிக்குப் பதினோரு வயது, இந்தச் சரக்குக்குச் செய்த இன்ஜின் இல்லை என்கிறார் மெக்கானிக். மைலேஜ் கண்ணுக்கு எதிரே இறங்குகிறது. விலை மட்டும் இறங்கவே இல்லை.

சி.என்.ஜி.யா, ஆட்டோ கேஸா, இதை விற்றுவிட்டு எலக்ட்ரிக்கா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் சமையல் சிலிண்டரையே வேனில் மாட்டி ஓட்டுகிறார். பயப்படாதே, அம்மாவை ஏற்றுகிற வண்டியில் அந்தப் பைத்தியக்காரத்தனம் செய்யமாட்டேன். உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது.

அன்புடன்,
ஆபேல்


காட்பாடி
30.10.2025

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். அம்மா நன்றாக இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் சர்ச், புதன் தவறாமல் எக்சர்சைஸ் சென்டர். இரண்டு இடத்திலும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்பதால் பிரச்சினையில்லை. திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் காரை மெதுவாக ஓட்டச் சொல்லுவாள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் அவள் தானாகவே பேச்சை ஆரம்பிக்கிறாள்.

நீ கேட்டாயே என்று நானும் அலைந்தேன். ஆட்டோ கேஸ் கிடைக்கிற பங்க்கைத் தேடிப் போவதற்கே ஒரு லிட்டர் பெட்ரோல் ஆகும் போலிருக்கிறது. எலக்ட்ரிக் செகண்ட்ஹேண்டில் ஒன்று பார்த்தேன். வண்டி தங்கம்தான், பேட்டரி போனால் இன்னொரு வண்டி வாங்குகிற செலவு. இருக்கட்டும் என்று எங்கள் ஃப்ளாட் செக்ரட்டரியிடம் சார்ஜ் போட ஒரு பிளக் கேட்டேன். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் வீட்டு இன்வெர்ட்டர் படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, அது மட்டும் தீப்பிடிக்காது போல.

மிச்சம் இருப்பது சி.என்.ஜி. அதற்கு பங்க்கில் ஆட்டோக்காரர்களுக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து வருகிற எனக்கு அது ஆகாது. நீ எதைச் செய்தாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய். இது உன் கார் மட்டும் இல்லை.

வீல்சேர் டிக்கியில் இருக்கிறது. இறக்கிக்கொள்.

கிரேஸி


ஆம்பூர்
31.12.2025

அன்புள்ள கிரேஸிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சி.என்.ஜி. கிட் போட்டாயிற்று. ஆர்.சி. புக்கிலும் ஏற்றிவிட்டேன், எல்லாம் முறைப்படி. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், ஆகவே கேட்கவில்லை. செலவு முழுக்க என்னுடையது, உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஒரு மாதமாக ஓட்டுகிறேன், பெட்ரோலுக்குக் கொடுத்ததில் பாதி கூட ஆகவில்லை. ஏறுகிற இடத்தில் கொஞ்சம் இழுவை கம்மி, அவ்வளவுதான். நீயே ஓட்டிப் பார்த்து அண்ணனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுவாய்.

ஆபேல்

பி.கு.: சிலிண்டர் இருப்பதால் வீல்சேர் டிக்கியில் அடங்கவில்லை. ஏற்றப் போனபோதுதான் பார்த்தேன். வீட்டிலேயே இருக்கிறது, யார் மூலமாவது அனுப்புகிறேன்.


காட்பாடி
12.1.2026

அண்ணா,

உன் பின்குறிப்பை நாலு தடவை படித்தேன். தோலில் ஒரு நூல் அகலம் வீணாகாமல் வெட்டத் தெரிந்த கட்டிங் சூப்பர்வைசருக்கு டிக்கியை அளக்கத் தெரியவில்லையா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

ஒரு மாதமாக டிக்கியில் சிலிண்டர் இருக்கிறது. வீல்சேர் அடங்காது என்று உனக்குத் தெரிந்தது கடைசி நாள். அப்படியானால் அந்த ஒரு மாதமும் வீல்சேர் உன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அம்மாவை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. கட்டிலில் போட்டுவிட்டு, அவளுக்காக இருக்கிற காரில் ஃபேக்டரிக்குப் போய் வந்திருக்கிறாய். அந்தப் போக்குவரத்துக்குத்தான் இந்த மலிவு கேஸ். வேறு எப்படி நான் புரிந்துகொள்வது?

இங்கே இரண்டு ஞாயிறு போயிற்று, ஒரு புதனும் போயிற்று. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நானும் மகளும் சேர்ந்து அம்மாவை சீட்டிலிருந்து இறக்கலாம், அதற்குப் பிறகு எதில் உட்காரவைப்பது? சேரை அனுப்பினாலும் எங்கே வைப்பது? பின்சீட்டில் வைத்தால் கதவு மூடவில்லை என்று எங்கள் வார்டு சேரை வைத்தே பார்த்துவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கிரேஸி


ஆம்பூர்
16.1.2026

கிரேஸிக்கு,

உன் கடிதத்தை ஜெனிஃபாவிடம் கூடக் காட்டவில்லை. காட்டினால் அவள் அழுவாள்.

அம்மா ஆம்பூரில் இருக்கும் எந்த ஞாயிறும் சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை. வீல்சேரில் இல்லை. நான் தூக்கிக்கொண்டு போகிறேன். வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து படியேறி அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் விழுந்து இடுப்பில் பிளேட் வைத்ததிலிருந்து அப்படித்தான். நாற்காலியில் உட்காரவைத்தால் ஜனங்கள் வந்து குனிந்து விசாரிக்கிறார்கள், அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம். நீ வாங்கின சேரை நான் தொடாததற்கு அதுதான் காரணம். நீ நர்ஸ், உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சாதனம் வேண்டும். எனக்கு என் கை போதும்.

ஃபேக்டரிக்குக் காரில் போவதும் அவள் வாயில் சோறு போகட்டும் என்றுதான். அதை எழுதியிருந்தேன், நீ படித்திருக்கமாட்டாய். ஈஸ்டருக்குப் பிறகு என் வீட்டுக்குள் வந்து பார்த்திருந்தால் இப்படி எழுத உனக்கு மனம் வந்திருக்காது. அம்மாவை இறக்கிவிட்டு கேட்டோடு திரும்பிப் போகிறவளுக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும்?

கம்பெனி டெம்போவில் முனிரத்தினம் என்கிற டிரைவர் நாளை சேரைக் கொண்டுவருவார். வாங்கிக்கொள்.

ஆபேல்


காட்பாடி
22.1.2026

அன்புள்ள அண்ணா,

சேர் வந்தது. நான் எழுதினது தப்பு. உன்னைப் பற்றி அப்படி நினைத்ததற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிற இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரி துணி மாற்றும்போது விடாமல் கேட்டேன். நீ தூக்கும்போது அவளுக்கு இடுப்பில் உயிர் போகிறது, அண்ணா. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை.

உன் வீட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு தடவையும் முதல் வாரம் இடது தொடையைத் தொடவிடமாட்டாள். ஹைவேயில் வந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையை முதுகிலும் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினால் பாரமெல்லாம் பிளேட் வைத்த இடத்தில்தான் விழும். இத்தனை வருட நர்ஸ், இதை நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். உன்னோடு பேசாமல் இருந்த ரோஷத்தில் கேட்கவில்லை.

கேஸா பெட்ரோலா என்று இனி நான் பேசப்போவதில்லை. அம்மா வெளியே போக வேண்டும், வலிக்காமல் போக வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்லு.

கிரேஸி


ஆம்பூர்
1.2.2026

அன்புத் தங்கைக்கு,

போன ஞாயிறு நீ டியூட்டியில் இருக்கும்போது ரயிலில் காட்பாடிக்கு வந்தேன். உன் மகள் டீ போட உள்ளே போனாள். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“நான் தூக்கறப்ப வலிக்குதாம்மா?”

“கொஞ்சம்.”

“இத்தனை நாளா சொல்லக் கூடாதா?”

“நீ ஆசையா தூக்கற. நான் இன்னான்னு சொல்றது?”

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கார் சாவியை வாங்கி, காரை ஆம்பூருக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன் மகள் சொல்லியிருப்பாள்.

கிட்டைக் கழற்றிவிட்டேன். போட்டவரே பாதி விலைக்கும் கீழே எடுத்துக்கொண்டார், போகட்டும். ஆர்.சி. புக்கை மறுபடி மாற்ற அலைய வேண்டும், அது வேறு பேஜார். நாளை முனிரத்தினம் காரை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். மார்ச்சிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போவேன். அம்மா சாப்பிடாமல் காத்திருந்தால் எட்டரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொள்கிறோம். கார் அவளுக்கு மட்டும் ஓடட்டும். அதற்குப் பெட்ரோல் எவ்வளவு விற்றாலும் போட்டுக்கொள்ளலாம். வெட்கம் என்றால், யாராவது குனிந்து விசாரிக்க வந்தால் நான் முன்னால் நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்காவது அவளைத் தூக்கித்தானே ஆக வேண்டும். நேற்று ஜெனிஃபாவை உட்காரவைத்துத் தூக்கிப் பழகப் பார்த்தேன், எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கிரேஸி. மார்ச் முதல் தேதி அம்மாவைக் கொண்டுவரும்போது கேட்டில் இறக்கிவிட்டுப் போகாதே. உள்ளே வந்து, எப்படித் தூக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடு.

உன் அண்ணன்,
ஆபேல்