படத்தில் விட்டுப்போன ஊர்

ஹார்மன் கிராஸிங்,
ஓக்லஹோமா.
9 அக்டோபர் 1938

அன்புள்ள லூஷியஸுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். கலிபோர்னியா அணைக்கட்டு வேலையில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே பருத்தி இந்த வருஷம் மோசமில்லை. சின்னவள் மேபலுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன.

நம் பெட்ரோல் பங்கைப் பற்றி வேறு யாரும் எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் எண்ணெய்க் கம்பெனி ஒரு கட்டு வரைபடம் அனுப்பியது, கார்க்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்க. மாநிலம் முழுக்க வண்ணப் படங்கள்: எண்ணெய்க் கிணறு, காட்டெருமை, குதிரைக்காரன். அழகாகத்தான் இருந்தது. நம் ஊரைத் தேடினேன். பாங்கியும் பஞ்சாலையும் இரண்டு சர்ச்சும் கட்டி நானூறு கறுப்பர்கள் வாழும் ஊரின் பெயரைக் காணோம். அந்த இடத்தில், நம்மவரைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் எப்போதும் வரைகிற மாதிரி, தர்ப்பூசணியைக் கட்டிக்கொண்டு வாய் பிளந்து தூங்கும் ஒரு கறுப்பன். மேபல் எட்டிப் பார்த்து, “அம்மா, இது நம்ம ஊர்ல யாரு?” என்றாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மசியை எடுத்து, அந்தத் தூங்குமூஞ்சியின்மேல் ‘ஹார்மன் கிராஸிங்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சர்ச் பெண்கள் ஆறு பேர் வந்து மீதிப் படங்களிலும் எழுதினார்கள். எழுதாமல் ஒன்றும் வெளியே போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனியின் வெள்ளைக்கார ஏஜெண்டு டில்லர்ட் வந்தான். உங்கள் பாதி வயதுகூட இல்லாதவன், என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். “ஆர்டெல்லா, இதென்ன கூத்து? கம்பெனி மேப்பைப் பாழாக்குறியே!” என்றான். சர்ச்சிலிருந்து பழைய ரயில்வே வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தையது. நம் ஊரும் ஸ்டேஷனும் அச்சிலேயே இருக்கின்றன. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. “அது பழசு. இது சும்மா தமாஷ் படம், இதையெல்லாம் யாரு பெருசா எடுத்துக்கப்போறா?” என்றான்.

“தமாஷ்தானே மிஸ்டர்? அப்ப நான் ஒரு பேரு எழுதினா உங்களுக்கு ஏன் வலிக்குது?” என்றேன்.

அவன் முகம் செக்கச்சிவந்தது. “ஒண்ணு நீ எழுதறதை நிறுத்து. இல்லன்னா பம்பு போயிரும்” என்றான். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை ஆட்கள் வந்து பிடுங்கிப் போனார்கள். ஊரே சாலையோரம் வந்து நின்றது. லாரி போனபின் பஞ்சாலைக்கார எஸ்ரா மாமா, “பம்பைத் தூக்கிட்டாங்க. ஊரைத் தூக்க எத்தனை லாரி கொண்டாரணும்னு கேட்டியாம்மா?” என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம்.

என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பாடுபட்டு வாங்கிய பம்பு உரிமை அது. நான் உங்களைக் கேட்காமல் விட்டுக்கொடுத்தேன். ஆனாலும் நாளையே இன்னொரு கட்டு வந்தால் இதையேதான் செய்வேன். இப்போது அந்த இடத்தில் மீன் பொரித்து விற்கிறேன். கார்கள் நிற்கின்றன. கலிபோர்னியாவுக்கே வந்துவிடு என்று இனி எழுதாதீர்கள். நாங்கள் வரமாட்டோம்.

டில்லர்டின் ஆட்கள் இரண்டு முறை கடை முன்னால் மெதுவாக வண்டி ஓட்டிப் போனார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்ரா மாமா இப்போது நம் வீட்டு முன்னறையில்தான் படுத்துக்கொள்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். முடிந்தால் கொஞ்சம் முன்னாலேயே வாருங்கள். இருட்டினபின் நம்மவர் நிற்கக்கூடாத வெள்ளைக்கார ஊர்களைப் பொழுது சாய்வதற்குள் தாண்டிவிடுங்கள். கர்த்தர் உங்களை வீடு சேர்ப்பாராக.

உங்கள்,
ஆர்டெல்லா