சேசிக்குள் நின்ற தண்ணீர்

எப்போதும் எனக்கு முன்னால் நடந்து போய்ப் பழகிய என் அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்படிக்குக்கூடப் போகாமல், கொட்டகைக்குப் போய் சாக்கை விரித்து உங்கள் ஜீப்புக்கு அடியில் படுத்தேன். வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கிற ஒரு டீச்சர், நாற்பது தாண்டிய வயதில் செய்கிற வேலையா இது? ஜீப்பைத் தாங்குகிற இரும்புச் சட்டமான சேசியின் அடித்துளையில் நீங்கள் செருகி வைத்திருந்த ரப்பர் அடைப்பைப் பிடித்து இழுத்தேன். உங்கள் பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் செய்த அடைப்பு. அது கையோடு வந்ததும் பின்னாலேயே தண்ணீர் வந்தது. கறுத்த சாயத் தண்ணி மாதிரி. முழங்கை வரைக்கும் வழிந்தது. நிற்கட்டும் என்று காத்திருந்தேன், லேசில் நிற்கவில்லை.

தீபாவளி வருகிறது, அண்ணே. அதற்கு முந்தின ஞாயிறு ஜீப்புக்கு எண்ணெய்க் குளியல் என்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா? எனக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் ஜீப்புக்கு மறக்க மாட்டீர்கள். அந்தச் சேசி நாலு பக்கமும் மூடிய நீளமான இரும்புப் பெட்டி. வெளியே எவ்வளவு தேய்த்துக் கறுப்புப் பூசினாலும் உள்ளே கை போகாது. "துரு உள்ளேருந்துதான் தின்னும் தங்கச்சி" என்பீர்கள். பழைய என்ஜின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து மேல் துளை வழியாக உள்ளே பீய்ச்சுவீர்கள். அது ஒழுகிப் போகாமல் இருக்கத்தான் அடியில் செருப்பு அடைப்பு. போன வருஷம் தீபாவளிக்கு நீங்கள் இல்லை. கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை, சனிக்கிழமையான இன்றைக்கே, நானாவது குளிப்பாட்டலாம் என்று நினைத்தேன்.

ஆமாம், கொடுக்கப் போவதாகத்தான் இருந்தேன். நாளை ஞாயிறு, ஹல்துமுல்லையிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போக ஒரு ஜீப் தேடுகிறாராம். நல்ல மனுஷர் போலத்தான் தெரிகிறது. போனில் என்னைவிட மெதுவாகப் பேசுகிறார். வத்தளையிலிருந்து அக்காவும் விடாமல் போன் பண்ணுகிறாள். "அத வித்துட்டுக் கெளம்பி வாடி. ஒத்தையில அங்க கெடந்து என்னத்தக் காவல் காக்குற?" என்கிறாள்.

சாக்கில் படுத்தபடியே இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு தடவை நமுனுகுல ஏற்றத்தில் கல் தெறித்து பிரேக் பைப்பை அறுத்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? ஜீப்பை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினீர்கள். பின்னால் இருந்த கொழுந்தெடுக்கிற பெண்கள் உங்களுக்குத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பைப்பைச் சேசிப் பெட்டிக்குள்ளேயே விட்டு இழுத்தீர்கள். இனிக் கல்லுப் படாது என்றீர்கள். ஆனால் இன்று பார்த்தால் ஒரு புதுச் செப்புப் பைப் வெளியே ஓடுகிறது. சட்டத்தின் உள்பக்கமாக, மேல் விளிம்பை ஒட்டி, சாணுக்கு ஒரு கிளிப் போட்டு, சைலன்சர் வருகிற இடத்தில் மட்டும் விலகி. எப்போது மாற்றினீர்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

வெயில் ஏறியபோது ஹாலிஎல கராஜிலிருந்து மெக்கானிக் செல்வம் பாஸ் வந்தார். விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். என் கால் மட்டும் வெளியே தெரிந்திருக்கிறது.

"ஐயோ டீச்சர், நீங்களா? அண்ணன்தான் கெடக்குறாருன்னு ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னு போச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தேன்.

பாஸ் சுத்தியலை எடுத்துச் சேசியின் முன்பக்கம் தட்டினார். ணங் என்றது. பின் சக்கரத்துக்கு மேலே தட்டினார். பொத்தென்று, ஈர மரத்தில் தட்டியது மாதிரி ஒரு சத்தம்.

"கேட்டீங்களா டீச்சர்? உள்ள துருப்பிடிச்சு உளுத்துப் போச்சு. மேல ஸ்பிரிங் மாட்டுற எடத்துல தண்ணி எறங்கிக்கிட்டே இருக்கு. கீழ அடைச்சு வச்சா அது எங்க போகும்? அந்த அடைப்ப எடுங்கண்ணேன்னு நான் எத்தன தடவ சொன்னேன். 'மழக்காலத்துல நீ கதவத் தெறந்து போட்டுத் தூங்குவியாடா'ன்னு கேட்டாரு. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"

அச்சாக நீங்களேதான். கண்ணெதிரே நின்று பேசியது போல இருந்தது.

"அப்போ அண்ணனுக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"கடைசியில தெரிஞ்சிச்சு. உள்ள ஓடுன பைப்பு துருவுல உரிஞ்சு போய் பிரேக் எண்ணெ கசிஞ்சிச்சு. அதக் கழட்டிப் போட்டுட்டு வெளிய புதுசு இழுத்தோம். இனிமே கண்ணுக்குத் தெரியிற மாதிரியே இருக்கட்டும்னாரு. அப்பத்தான் சேசியையும் தட்டிப் பார்த்தாரு. இனி அடைப்ப எடுத்து என்ன பிரயோசனம், சேசியையே மாத்தணும்னாரு. அன்னையிலருந்து ஆள் ஏத்தி ஹயருக்குப் போகல. வேற சேசி ஒண்ணு கெடச்சாச் சொல்லுடான்னு பார்க்கும்போதெல்லாம் கேப்பாரு. அது வரைக்கும் ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்னுட்டாரு."

"ஒருத்தரையுமா?"

"ஏன் டீச்சர், ஒங்களையுந்தானே ஏத்தல?"

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணே, அந்தக் காலைப் பொழுது எனக்கு மறக்கவே இல்லை. சேலை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன். "இனி பஸ்ல போ தங்கச்சி" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "காலையில எனக்கு முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அன்றிலிருந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது சில நாள் நீங்கள் ஜீப்பில் தனியாகக் கடந்து போவீர்கள். பின் இருக்கையெல்லாம் காலி. தலையைத் திருப்ப மாட்டீர்கள். கல்யாணமாகாத தங்கச்சி பாரமாகிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். ராத்திரி சாப்பிடும்போது நமக்கு நடுவில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபடி, "பஸ் நேரத்துக்கு வருதா?" என்று கேட்டீர்களே. குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? பழுதான வண்டி என்று சொன்னால் நான் உங்களையும் ஏற விடமாட்டேன் என்று பயமா? ஊரையெல்லாம் இறக்கிவிட்டு, உங்களை மட்டும் எப்படி ஏற்றிக்கொண்டு போனீர்கள்?

கிளம்பும்போது பாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தகடு வச்சு வெல்ட் அடிச்சு, மேல கறுப்பு அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது டீச்சர். நான் செய்ய மாட்டேன். ஆனா செய்யிற ஆள் இருக்கு." பிறகு, நாளை வருகிறவருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். மத்தியானம் அக்கா கேட்டாள்; அவளிடமும் பார்க்கலாம் என்றேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நாளை அவர் வந்ததும் சாக்கை விரித்து, சுத்தியலை அவர் கையில் கொடுத்து, தட்டிப் பார்க்கச் சொல்வேன். பிறகு பாஸைக் கூப்பிட்டு, என்ஜினையும் கியர் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, அந்தச் சேசியை என் கண் முன்னாலேயே நடுவில் அறுக்கச் சொல்லப் போகிறேன். யாரும் தகடு வைத்து ஒட்ட முடியாதபடி, இரண்டு துண்டாக. கொட்டகை வெறுமையாகிவிடும். உங்கள் வாசனை மிச்சமிருக்கிற ஒரே இடமும் போய்விடும். ஆனாலும் நீங்கள் என்னை ஏற்றாத வண்டியில் இன்னொரு வீட்டுப் பிள்ளையை எப்படி ஏற விடுவேன்?

திங்கட்கிழமை வழக்கம் போல பஸ்ஸில்தான் போவேன், அண்ணே. இந்த முறை கோபமில்லாமல் போவேன்.

நீங்கள் ஏற்றிக்கொள்ளாமல் விட்டுப்போன தங்கச்சி,
சாந்தா