அடைத்த வால்வு

பிப்ரவரி 5

சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

ஆவி கசிகிறது, தூக்கிப் போடு என்று நீ விட்டுப்போன குக்கரைச் சரிசெய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். விளம்பரத்தில் கண்டதையெல்லாம் வாங்காதே. கல்யாணமான மூன்றாம் நாளே நான் தைத்த போர்வையைக் குப்பையில் போட்டவள் நீ. அன்று பெய்த மழையில் அது ஊறிக் கிடந்தது. இதையாவது வைத்துக்கொள்.

அம்மா

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மா,

குக்கர் வந்தது. துளிகூடக் கசியவில்லை. தினமும் அதில்தான் சமைக்கிறேன். உன் பேத்தி பக்கத்தில் நின்று விசில் எண்ணுகிறாள். அந்தப் போர்வையை விடவே மாட்டாயா?

உன் சின்னவள்

பிப்ரவரி 26

சின்னவளே,

குக்கர் அடுப்பில் இருந்தால் முதலில் அடுப்பை அணை. மூடியைத் தொடாதே. பேத்தியை வெளியே கூட்டிப் போ. பிறகு படி.

உன் கடிதத்தை ரிப்பேர்க்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். வால்வை மாற்றச் சொன்னவர் அவர். "புதுசு விக்கத்தானே பாக்குறீங்க?" என்று திட்டிவிட்டு வந்து, இரும்புப் பசையால் நானே அடைத்தேன். அதைச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"குக்கரா அனுப்பினீங்க? குண்டுல்ல அனுப்பியிருக்கீங்க! ஆவிக்கு அதான்மா கடைசி வழி. விசில் அடைச்சுக்கிட்டா மூடி பறந்துரும்."

பத்து முறை போன் போட்டேன். அந்த எண்ணே இல்லையாம். நம்பர் மாற்றினால் பெற்றவளிடம் சொல்ல மாட்டாயா? யார் வீட்டில் விசில் அடித்தாலும் வாசலுக்கு ஓடுகிறேன். 'இருக்கிறோம்' என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அம்மா

மார்ச் 2

அம்மா,

இருக்கிறோம். ஆனால் நான் எழுதியது பொய். பார்சல் வருமுன்பே கடையில் பார்த்த ஆசையில் புதுக் குக்கர் வாங்கிவிட்டேன். சொன்னால் போர்வையோடு இதையும் சேர்த்துக்கொள்வாய் என்று பயம். போனில் கேட்டால் உளறிவிடுவேன் என்றுதான் புது நம்பரையும் சொல்லவில்லை. உன் குக்கரைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்திருந்தேன்.

கடிதத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். அது அடுப்பில் இருந்தது. "அரை மணியா ஒரு சத்தத்தையும் காணோமேடி" என்று அக்கா விசிலைக் கரண்டியால் தட்டப் போனாள். அடுப்பை அணைத்து, அவளை வாசலுக்கு இழுத்து வந்தேன். ஆறும்வரை இருவரும் உள்ளே போகவில்லை. கீழே என் புது நம்பர்.

சின்னவள்

மார்ச் 9

சின்னவளுக்கு,

பசை வைத்தது என் கை. ஆனால் என் வாய்க்குப் பயந்து நீ சொன்ன பொய் அந்த அக்காவின் உயிரைக் கொண்டுபோயிருக்குமே, அதுதான் தூங்கவிடவில்லை. மூடியை அனுப்பு. ரிப்பேர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டுச் சரியான வால்வு வாங்கிவிட்டேன், நகத்தளவுதான் இருக்கிறது. அவரே மாட்டட்டும்.

உன் நம்பரை மூன்று தடவை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். எடுத்ததும் திட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீயே கூப்பிடு.

அம்மா