மிக்சி சத்தத்தில் பழைய கருவியும் புதியதும்

12.8.2008, செவ்வாய்

காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த திருகில் ஆறு வருடமாக மாட்டிவரும் பழைய கேட்கும் கருவியே போதுமா, சோதித்துப் பார்க்கத் தந்த புதியதை வாங்குவதா என்று நாளை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பழையதில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்குப் புரிவதில்லை, சும்மா தலையாட்டுகிறேன். புதியதில் தெளிவாகக் கேட்பதுபோல் இருக்கிறது. அது வெறும் ஆசையாகவும் இருக்கலாம்.

அதனால் மாலையில் மிக்சியை ஓடவிட்டோம். மனைவி லூர்து எனக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு கருவிக்கும் இருபது வார்த்தை சொன்னாள். கேட்டதை எழுதினேன். பழையதில் ஒன்பது சரி, புதியதில் பதினாறு.

அப்போதும் சந்தேகம் போகவில்லை. "புதுசுக்குக் கொஞ்சம் சத்தமாச் சொன்னியா?" என்றேன்.

"சத்தமாச் சொன்னது பழசுக்கு! அதைக் கைவிட மனசில்லாம தவிக்கிறீகன்னு நெனச்சேன்."

"சோதனையில இப்படிச் செய்யலாமா?"

"ஆமா, பெரிய பப்ளிக் பரீட்சை! மார்க்கைக் கொறைச்சுக்கங்க, வாத்தியாரே."

அவள் கத்தியும் ஒன்பதுதான். அப்படியென்றால் வித்தியாசம் கருவியில்தான் இருக்கிறது, என் ஆசையில் இல்லை. நாளை புதியதையே கேட்டுவிடுவேன். மருத்துவர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாவிட்டால் லூர்து சொல்லட்டும். அவளுக்குத்தான் சத்தமாகப் பேச வருகிறது.